குடிபெயரும் மின்னஞ்சல்

ஓர் ஊரிலுள்ள அஞ்சல் நிலையத்தைப் பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்திற்கு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள்கூட நிலையத்தை மூடக்கூடாது. வந்துகொண்டிருக்கும் கடிதங்களுள் ஒன்றேனும் தவறிப்போகக்கூடாது. ஊர் மக்கள் தங்கள் முகவரியை மாற்றிக்கொள்ளவும் தேவை ஏற்படக்கூடாது. இது இயலுமா?

மின்னஞ்சல் உலகில் இத்தகைய குடிபெயர்ச்சி அடிக்கடி நிகழ்கின்றது. ஒரு நிறுவனத்தின் கடிதங்களையெல்லாம் பெற்று, உரியவரின் பெட்டியில் சேர்த்து வைக்கும் கணினியை அஞ்சல் வழங்கி என்கிறோம். ‘சர்வர்’ என்று பொதுவாக வழங்கப்படுவது இதுவே. ஆண்டுகள் செல்லச் செல்ல இதன் வட்டுகள் நிரம்பிவிடுகின்றன. இதில் இயங்கும் மென்பொருளைச் செய்தவர்கள் அதனைச் செப்பனிடுவதை நிறுத்திவிடுகின்றனர். அப்போது புதிய வழங்கி ஒன்று வாங்கப்படுகின்றது. பழையதில் இருக்கும் நூற்றுக்கணக்கான பணியாளர்களை அவர்களுடைய கடிதங்களோடு புதியதற்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கடிதம் ஒன்று தவறினால் என்ன என்று எளிதாக எண்ணிவிட முடியாது. அது ஒப்பந்தப் புள்ளிக்குரிய கடைசி நாளைக் குறிக்கும் கடிதமாக இருக்கலாம். நோயாளி ஒருவரின் இரத்தப் பரிசோதனை முடிவாகவும் இருக்கலாம். திரும்பி வந்த கடிதத்தையாவது மறுபடி அனுப்பலாம். எவருக்கும் தெரியாமல் மறைந்துபோன கடிதத்தைத் தேடுவோரும் இல்லை.

முகவரியின் இரு பாதிகள்

மின்னஞ்சல் முகவரியின் நடுவே சுழித்த ‘அ’ போன்ற ஒரு குறி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். 1971இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் இக்குறியை இப்பணிக்குத் தேர்ந்தெடுத்தார். அதன் இடப்பக்கம் இருப்பது ஆளின் பெயர்; வலப்பக்கம் இருப்பது நிறுவனத்தின் களப்பெயர்.

வெளியுலகம் இடப்பக்கத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. கடிதத்தை அனுப்பும் கணினி வலப்பக்கத்தை மட்டும் பார்த்து, “இந்தக் களப்பெயருக்கு உரிய கடிதங்களை எந்தக் கணினியிடம் தருவது?” என்று களப்பெயர் அமைப்பைக் கேட்கின்றது. அவ்வமைப்பு, உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு முகவரி ஏடு போன்றது. அதில் எம்.எக்ஸ். பதிவு எனப்படும் வரியில் அதற்கான விடை இருக்கின்றது. இம்முறை 1986இல் வகுக்கப்பட்டது.

இங்கேதான் நம் சிக்கல் தொடங்குகின்றது. எம்.எக்ஸ். பதிவு நிறுவனம் முழுமைக்கும் பொதுவானது. “கணக்குப் பிரிவினருக்குப் புதிய வழங்கி, விற்பனைப் பிரிவினருக்குப் பழைய வழங்கி” என்று அதில் எழுத முடியாது. அப்படியானால் எல்லாரையும் ஒரே இரவில் மாற்றிவிடலாமே என்று தோன்றும்.

ஒரே இரவில் மாற்றினால் என்ன?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிறுவனத்தில் 500 பணியாளர்கள். ஒவ்வொருவர் பெட்டியிலும் சராசரி 2 ஜிகாபைட் கடிதங்கள். ஆக மொத்தம் 1000 ஜிகாபைட். பிட் கணக்கில் இது 8 லட்சம் கோடி. இரு வழங்கிகளுக்கும் இடையேயுள்ள தடம் நொடிக்கு 10 கோடி பிட் கடத்தவல்லது எனில், தேவைப்படும் நேரம் 80,000 நொடி. அதாவது ஏறத்தாழ 22 மணி.

ஆனால் தடம் ஒருபோதும் முழு வேகத்தில் இயங்குவதில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனியே படித்து, எழுதி, சரிபார்க்க வேண்டியிருக்கின்றது. மூன்றில் ஒரு பங்கு வேகம் கிடைத்தால் 67 மணி ஆகும். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடங்கினால் திங்கட்கிழமை காலை 6 மணிவரை நமக்குக் கிடைப்பதோ 60 மணிதான்! திங்கள் காலையில் பணியாளர்கள் வந்து அமரும்போது வேலை பாதியில் நிற்கும்.

நேரம் போதுமானதாக இருந்தாலும் மற்றோர் இடர் உண்டு. 2018 ஏப்ரலில் பிரிட்டனைச் சேர்ந்த டி.எஸ்.பி. வங்கி, 50 லட்சத்திற்கும் மேற்பட்ட தன் வாடிக்கையாளர்களைப் புதிய கணினி அமைப்புக்கு ஒரு வார இறுதியில் மாற்றியது. கணக்கு விவரங்கள் நலமாகவே போய்ச் சேர்ந்தன. ஆயினும் புதிய அமைப்பு பளுவைத் தாங்கவில்லை. ஏராளமானோர் தங்கள் கணக்கையே காண முடியாமல் தவித்தனர். நிலைமை முழுதும் சீராக அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. இதற்காக 2022 டிசம்பரில் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. ஒரே வீச்சில் மாற்றும்போது, பிழை ஒன்று இருந்தால் அது எல்லாரையும் ஒரே நாளில் தாக்குகின்றது. பத்துப் பேரை மாற்றிய நிலையில் அதே பிழை தென்பட்டால் பத்துப் பேரோடு நின்றுவிடும்.

சிலவற்றைச் சிறிது சிறிதாக மாற்றவே முடியாது என்பதும் உண்மையே. 1967 செப்டம்பர் 3ஆம் நாள் காலை 5 மணிக்கு ஸ்வீடன் நாடு இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கப் போக்குவரத்துக்கு மாறியது. இன்று பேருந்துகள், அடுத்த வாரம் கார்கள் என்று மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மின்னஞ்சல் அத்தகையதன்று. கடிதம் என்பது ஓரிடத்தில் பெற்று, வைத்திருந்து, பின்னர் அடுத்த இடத்திற்கு அனுப்பத் தக்க பொருள். இந்த ஓர் இயல்பே படிப்படியான மாற்றத்திற்கு வழி செய்கின்றது.

அர்ப்பாநெட் காட்டிய வழி

இன்றைய இணையத்தின் முன்னோடி அர்ப்பாநெட் என்னும் அமெரிக்க வலையமைப்பு. அதிலிருந்த கணினிகள் தொடக்கத்தில் என்.சி.பி. என்ற நெறிமுறையின்படி பேசிக்கொண்டன. பின்னர் டி.சி.பி./ஐ.பி. என்ற புதிய நெறிமுறைக்கு மாற வேண்டியதாயிற்று. அதற்கான திட்டத்தை ஜான் போஸ்டல் 1981 நவம்பரில் எழுதி வெளியிட்டார். 1983 ஜனவரி 1ஆம் நாள் பழைய நெறிமுறை நிறுத்தப்படும் என்பது முடிவு.

எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதைப் போஸ்டல் உணர்ந்திருந்தார். 1982ஆம் ஆண்டு முழுவதும் சில கணினிகள் பழைய மொழி மட்டுமே அறிந்திருக்கும். சில புதியதை மட்டுமே அறிந்திருக்கும். இரண்டையும் அறிந்த கணினிகள் சில நடுவில் அமர்ந்து, ஒரு பக்கத்துக் கடிதத்தை வாங்கி மறு பக்கத்துக்குக் கொடுக்கும். இரு மொழி தெரிந்தவர் இரு தரப்பாருக்கும் இடையே அமர்ந்து பேசுவது போன்ற ஏற்பாடு இது. இன்று உலகெங்கும் கடிதங்களைச் சுமந்து செல்லும் எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் நெறிமுறையும் இந்த மாற்றக் காலத்தில்தான், 1982 ஆகஸ்டில், போஸ்டலின் கையால் வடிவம் பெற்றது.

இறுதி நாளுக்கு முன், 1982இன் நடுவில் ஒரு நாளும், பின்னர் இரண்டு நாள்களும் பழைய நெறிமுறையை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தனர். எவரெவர் இன்னும் மாறவில்லை என்பது அப்போது வெளிப்பட்டுவிட்டது. நடுவே ஒரு தூதுவரை அமர்த்துவதும், முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பதும் இன்றும் நிறுவனங்களுக்குப் பயன்படும் வழிகளாகும்.

இரு வழங்கிகள், ஒரு பட்டியல்

இப்போது நம் நிறுவனத்திற்கு வருவோம். முதற்கட்டத்தில் எம்.எக்ஸ். பதிவைத் தொடுவதே இல்லை. வெளியுலகக் கடிதங்கள் வழக்கம்போல் பழைய வழங்கிக்கே வருகின்றன. அதனுள் மட்டும் ஒரு பட்டியல் வைக்கப்படுகின்றது. கடிதம் வந்ததும் பழைய வழங்கி பெறுநரின் பெயரைப் பட்டியலில் பார்க்கின்றது. அவர் பெயருக்கு எதிரே ‘புதியது’ என்றிருந்தால், முகவரியில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் கடிதத்தைப் புதிய வழங்கிக்கு அனுப்பிவிடுகின்றது. ‘பழையது’ என்றிருந்தால் தன்னிடமே வைத்துக்கொள்கின்றது. வீடு மாறியவரின் கடிதத்தை அஞ்சல்காரர் புது வீட்டுக்குத் திருப்பி விடுவதைப் போன்றதே இது. வெளியே இருப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

புதிய வழங்கிக்கும் இதே பட்டியல் தேவை. காரணம் யாது? புதிய வழங்கிக்கு மாறிவிட்ட ஒருவர், இன்னும் மாறாத பக்கத்து மேசைக்காரருக்குக் கடிதம் எழுதுகிறார் எனக் கொள்வோம். ‘இது நம் நிறுவன முகவரிதானே’ என்று புதிய வழங்கி தன் பெட்டிகளுக்குள் தேடும். அங்கே அவர் இல்லை. “அப்படி ஒருவர் இல்லை” என்று கூறிக் கடிதத்தைத் திருப்பிவிடும்! ஒரே அறையில் அமர்ந்திருக்கும் இருவருக்கிடையே கடிதம் போகாத விந்தை இப்படித்தான் நேர்கின்றது. ஆதலின், தன்னிடம் இல்லாதவரின் கடிதத்தைப் பழைய வழங்கிக்கு அனுப்புமாறு புதியதற்கும் சொல்லி வைக்க வேண்டும்.

சுற்றிச் சுற்றி வரும் கடிதம்

இரண்டு பட்டியல்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் வேறொரு கேடு விளையும். ஒருவரைப் பற்றிப் பழைய வழங்கி “அவர் அங்கே போய்விட்டார்” என்கின்றது. புதிய வழங்கியோ “இல்லை, அவர் அங்கேயேதான் இருக்கிறார்” என்கின்றது. கடிதம் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்குமாகச் செக்குமாடு போலச் சுற்றத் தொடங்கும்.

இது முடிவின்றித் தொடராமலிருக்க அஞ்சல் நெறிமுறையில் ஒரு காப்பு உண்டு. கடிதம் ஒவ்வொரு வழங்கியைக் கடக்கும்போதும் அதன் தலைப்பில் ‘பெறப்பட்டது’ என்ற வரி ஒன்று, நாளும் நேரமும் குறித்து, சேர்க்கப்படுகின்றது. அஞ்சல் உறையின்மேல் விழும் முத்திரைகளைப் போன்றவை இவ்வரிகள். அவற்றின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் கடிதம் நிறுத்தப்பட்டு, அனுப்பியவருக்குத் திருப்பப்படும். சில மென்பொருள்களில் இவ்வரம்பு 25, சிலவற்றில் 50. இது ஆபத்துக் காலக் காப்பு மட்டுமே. உண்மையான தீர்வு, இரு வழங்கிகளும் தனித்தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளாமல், பொதுவான ஒரே பட்டியலைப் பார்ப்பதுதான்.

ஒருவரை மாற்றும் முறை

ஒரு பணியாளரை மாற்றும்போது செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை முக்கியமானது. முதலில் புதிய வழங்கியில் அவருக்கு ஒரு பெட்டி திறக்கப்படுகின்றது. அடுத்து, அவர் பழைய பெட்டியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே, அதிலுள்ள கடிதங்கள் பின்னணியில் படியெடுக்கப்படுகின்றன. இதற்கு ஒரு நாள் ஆனாலும் கவலையில்லை.

பிறகு ஓர் இரவில் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘புதியது’ என்று திருத்தப்படுகின்றது. அதன் பின்னரே, முதற்படியெடுப்புக்குப் பிறகு வந்த மிச்சக் கடிதங்கள் கொண்டுசெல்லப்படுகின்றன. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? மிச்சத்தை எடுத்து முடித்துவிட்டுப் பட்டியலைத் திருத்தினால், அந்த இடைவெளியில் வந்த கடிதங்கள் பழைய பெட்டியில் கேட்பாரற்றுக் கிடந்துவிடும். பட்டியலை முதலில் திருத்திவிட்டால் பழைய பெட்டிக்குப் புதுக் கடிதம் வர வழியில்லை. ஆகவே கடைசிப் படியெடுப்பு எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். முதலில் குழாயை மூடு, பிறகு தொட்டியைக் காலி செய் என்பதே இதன் தத்துவம்.

படியெடுத்தலிலும் நுட்பம் உண்டு. கடிதத்தின் வாசகம் மட்டும் போனால் போதாது. படித்தது, படிக்காதது, விடை எழுதியது என்னும் அடையாளங்களும் கூடவே செல்ல வேண்டும். பணியாளர் தம் கணினியிலேயே கடிதங்களை இறக்கிக்கொள்ளும் ‘பாப்’ முறையைப் பயன்படுத்துபவராயின் இன்னும் கவனம் தேவை. அவர் கணினி ஒவ்வொரு கடிதத்திற்கும் வழங்கி தந்த தனி அடையாளத்தை நினைவில் வைத்திருக்கும். புதிய வழங்கி வேறு அடையாளங்களைத் தந்தால், பெட்டியிலுள்ள பத்தாயிரம் கடிதங்களும் புதியவை என்று கருதி, மறுபடியும் அனைத்தையும் இறக்கிவிடும்!

வாயிற்காவலர்

500 பேரின் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் வழங்கியின் பெயரை ஒவ்வொன்றாக மாற்றுவது பெரும் வேலை. இதைத் தவிர்க்க இரு வழங்கிகளுக்கும் முன்னால் வாயிற்காவலர் போன்ற ஓர் இடைநிலைக் கணினியை நிறுத்தலாம். பணியாளரின் கணினி அதனிடம் வந்து பெயரும் கடவுச்சொல்லும் கூறும். அது பொதுப் பட்டியலைப் பார்த்து, உரிய வழங்கியோடு இணைத்துவிடும். நேற்றுப் பழைய அறைக்கு அழைத்துச் சென்றவர் இன்று புதிய அறைக்கு அழைத்துச் செல்கிறார். வந்தவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

கடவுச்சொல் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஒழுங்காக அமைக்கப்பட்ட வழங்கி கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. மீட்டெடுக்க இயலாத வகையில் உருமாற்றியே வைக்கின்றது. எனவே அதை நிருவாகியாலும் படித்து எடுத்துச் செல்ல முடியாது. உருமாறிய வடிவத்தைப் புதிய வழங்கி புரிந்துகொள்ளுமானால் அதையே படியெடுக்கலாம். இல்லையெனில் பணியாளருக்குப் புதிய கடவுச்சொல் வழங்க வேண்டியதுதான்.

‘இல்லை’ என்பதும் ‘பிறகு வா’ என்பதும்

எஸ்.எம்.டி.பி. நெறிமுறையில் வழங்கிகள் ஒன்றுக்கொன்று மூன்று இலக்க எண்களால் விடை கூறுகின்றன. 5இல் தொடங்கும் எண், ‘முடியாது, இதுவே முடிவு’ என்று பொருள்படும். எடுத்துக்காட்டாக 550 என்பது, அப்படி ஒரு பெட்டி இல்லை என்பதைக் குறிக்கப் பயன்படுகின்றது. 4இல் தொடங்கும் எண்ணோ, ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்பதாகும்.

மாற்றக் காலத்தில் இந்த ஓர் இலக்க வேறுபாடு உயிர்நாடியானது. பட்டியலில் பிழை நேர்ந்து புதிய வழங்கி 550 என்று சொல்லிவிட்டால், கடிதம் அந்தக் கணமே அனுப்பியவருக்குத் திரும்பிவிடும். 450 என்று சொன்னாலோ, அனுப்பும் கணினி கடிதத்தைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். இம்முயற்சியை நான்கைந்து நாள்களுக்காவது தொடர வேண்டும் என்பது நெறிமுறையின் அறிவுரை. அதற்குள் நிருவாகி பிழையைக் கண்டு திருத்திவிடலாம். கடிதம் சற்றுத் தாமதமாகவேனும் சேர்ந்துவிடும். எனவே, மாற்றம் நடக்கும் நாள்களில் ‘இல்லை’ என்று கூறாமல் ‘பிறகு வா’ என்றே கூறுமாறு வழங்கியை அமைத்துவைப்பர்.

யாரை முதலில் மாற்றுவது?

புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, தட்டுமுட்டுச் சாமான்களைச் சிறிது சிறிதாகக் கொண்டுபோவது நம் வழக்கம். அடுப்பு எரிகிறதா, குழாயில் நீர் வருகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடுமன்றோ? அதுபோல், முதலில் மாற வேண்டியவர்கள் கணினிப் பிரிவினரே. தங்கள் கடிதங்களில் கோளாறு ஏற்பட்டால் அவர்களே உடனே கண்டுபிடிப்பர். அடுத்து, பொறுமையும் குறை சொல்லும் பழக்கமும் ஒருங்கே உடைய பத்துப் பதினைந்து பேர். பின்னரே பிரிவு பிரிவாக மற்றவர்கள்.

ஒரு பெட்டியைப் பலர் பகிர்ந்து பார்ப்பதுண்டு. மேலாளரின் நாட்குறிப்பைச் செயலாளர் திருத்துவதுண்டு. இத்தகையோரைப் பிரிக்காமல் ஒரே இரவில் சேர்த்தே மாற்ற வேண்டும். கணக்குப் பிரிவினரை ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில் தொடவே கூடாது. ஒவ்வொரு கூட்டமும் மாறிய பின் இரண்டொரு நாள் காத்திருந்து, கோளாறு இல்லை எனக் கண்ட பிறகே அடுத்த கூட்டத்துக்குச் செல்ல வேண்டும்.

வெளி வாயிலை மாற்றுதல்

பெரும்பாலோர் மாறிய பின்னர் எம்.எக்ஸ். பதிவைப் புதிய வழங்கிக்குத் திருப்பலாம். இப்போது வேலைகள் தலைகீழாகின்றன. புதியது வெளியுலகை எதிர்கொள்ளும். மீதமுள்ள சிலரின் கடிதங்களைப் பழையதற்கு அனுப்பும்.

இங்கும் ஒரு முன்னேற்பாடு வேண்டும். களப்பெயர் அமைப்பிலிருந்து பெற்ற விடையை உலகெங்குமுள்ள கணினிகள் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. எவ்வளவு காலம் என்பது பதிவிலேயே நொடிக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். அது 86,400 என்றிருந்தால் ஒரு நாள் முழுதும் பழைய விடையே பின்பற்றப்படலாம். ஆகவே, மாற்றத்திற்குச் சில நாள் முன்பே அதை 300 நொடியாக, அதாவது ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட வேண்டும். அதன்பின் ஏதேனும் பிழை நேர்ந்தாலும் விரைவில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

புதிய வழங்கியிலிருந்து வெளியே செல்லும் கடிதங்களையும் மறக்கக் கூடாது. எந்தெந்தக் கணினிகள் தன் பெயரால் கடிதம் அனுப்பலாம் என்பதை ஒரு நிறுவனம் எஸ்.பி.எஃப். என்னும் பதிவில் அறிவிக்கின்றது. புதிய வழங்கியின் எண்ணை அதில் சேர்க்காவிட்டால், நம் கடிதங்களைப் பிறர் போலி என்று ஒதுக்கிவிடுவர். மேலும், நேற்றுவரை அறியப்படாத ஒரு கணினி திடீரென ஆயிரக்கணக்கில் கடிதம் அனுப்பினால் பெறும் வழங்கிகள் ஐயுறும். சிறிது சிறிதாக ஆள்களை மாற்றும்போது கடித எண்ணிக்கையும் சிறிது சிறிதாகவே உயர்வதால் இந்த ஐயம் எழுவதில்லை.

கடைசியாக அணையும் விளக்கு

500ஆவது பணியாளரும் மாறிவிட்டார். பழைய வழங்கியை அணைத்துவிடலாமா? சற்றுப் பொறுக்க வேண்டும். அதன் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், யாரோ இன்னும் அதனோடு பேசிக்கொண்டிருப்பது தெரியும். அவர்கள் மனிதர்கள் அல்லர். மாடியிலுள்ள நகலெடுக்கும் பொறி தான் வருடிய தாள்களைக் கடிதமாக அனுப்புகின்றது. கிடங்கின் குளிர்சாதனம் வெப்பநிலை உயர்ந்தால் எச்சரிக்கை அனுப்புமாறு அமைக்கப்பட்டிருக்கின்றது. பட்டியலில் பெயரில்லாத இவற்றை எவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய வழங்கியை அவசரப்பட்டு அணைத்திருந்தால், கிடங்கு வெப்பமேறிய இரவில் எச்சரிக்கை யாருக்கும் போயிருக்காது.

ஆகவே பதிவேட்டைப் பல நாள் கவனித்து, பேசும் பொறி ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துப் புதிய வழங்கியைக் காட்டிவிட வேண்டும். பின்னர், அர்ப்பாநெட்டில் செய்ததைப் போல், ஒரு நாள் மட்டும் பழைய வழங்கியை வலையிலிருந்து விலக்கிப் பார்க்க வேண்டும். எங்கிருந்தும் குரல் எழவில்லை என்றால் அதன் பணி முடிந்தது என்று பொருள். அப்போதும் அதன் வட்டுகளைச் சில மாதங்கள் பத்திரமாக வைத்திருப்பது அறிவுடைமை. விட்டுப்போன பழைய கடிதம் ஒன்றைத் தேடி, என்றேனும் ஒருவர் வந்து கேட்கக்கூடும்.